ரேடியோஹெட் ஏன் திடீரென்று பாணியை மாற்றியது?

ஆல்டர்நேட்டிவ் ராக் என்பது, நன்றாக விற்கும் அச்சில் வார்க்காமல் தன் போக்கில் போகும் ராக் இசை. ரேடியோஹெட் அதற்கு நல்ல உதாரணம். இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1985-இல் பள்ளி நண்பர்கள் தொடங்கிய குழு. வெள்ளிக்கிழமை ஒத்திகை என்பதால் முதல் பெயர் 'ஆன் எ ஃப்ரைடே'.

1997-இல் வந்த 'ஓகே கம்ப்யூட்டர்' என்ற பாடல் தொகுப்பு குழுவை உச்சத்துக்குக் கொண்டுபோனது. அப்புறம் நீண்ட சுற்றுப்பயணத்தில் பாடகர் தாம் யார்க் களைத்துப்போனார், ராக் இசையே அவருக்கு அலுத்துவிட்டது. மாற்றத்துக்குக் காரணம் அதுதான். 2000-இல் வந்த 'கிட் ஏ' தொகுப்பின் முதல் பாட்டைக் கேளுங்கள்: கிட்டாருக்குப் பதில் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி, துண்டுதுண்டாக வெட்டி ஒட்டிய குரல். பிரியாணிக்குப் பேர்போன கடை, கூட்டம் வரிசையில் நிற்கும்போதே வேறு சமையலுக்கு மாறியதுபோல. என்னைப் பொறுத்தவரை அவர்களுடைய பெரிய துணிச்சல் அது.

கிட்டாரை அடியோடு விட்டுவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள்; இல்லை, 2007-இன் 'இன் ரெயின்போஸ்' தொகுப்பில் அது நிறையவே ஒலிக்கிறது.