உலோகம் வேறு, சன்னம் வேறு: சிறுதுளை ஒப்பரேசன் பற்றி வாசகர் கேள்விகள்

2009இல் பட்ட ஷெல் துண்டு முதுகில் இன்னும் கிடக்கிறது. பித்தப்பை ஒப்பரேசனுக்கு முன் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா? (முல்லைத்தீவு)

படுக்கமுன் வாய்திறந்து சொல்லிவிடுங்கள். எம்ஆர்ஐ பெரிய காந்தம்; வழக்கமான 1.5 டெஸ்லா (காந்தவலுவை அளக்கும் அலகு) இயந்திரத்தின் காந்தப்புலம் பூமியினுடையதைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு. இரும்புத் துண்டானால் இழுபடலாம், சூடேறலாம். தசைக்குள் கிடந்து வருடக்கணக்கில் தழும்பு மூடிய துண்டு பெரும்பாலும் அசையாது. கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் அருகில் என்றால் கதை வேறு. ஆகவே முதலில் சாதாரண எக்ஸ்ரே. துண்டு இரும்பா ஈயமா என்று அது சொல்லாது. எங்கே, எத்தனை என்று காட்டும். அதைப் பார்த்துக் கதிரியல் வைத்தியர் முடிவெடுப்பார். சீ.ரி. ஸ்கானில் காந்தமில்லை, ஆனால் துண்டைச் சுற்றிப் படம் கோடுகோடாகக் கெடும், சில பித்தக்கற்கள் அதில் தெரியவும் மாட்டா.

ஒருமுறை ஸ்கானுக்கு வந்த ஓர் ஐயா, "உடம்பில உலோகம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டதற்கு மோதிரத்தைக் கழற்றித் தந்துவிட்டு "இல்லை" என்றார். சேட்டைக் கழற்றும்போது தோளுக்குக் கீழே பச்சைமிளகாய் நீளத்தில் தழும்பு. "இதோ? இது சன்னம் (துப்பாக்கி ரவை), தம்பி." அன்றிலிருந்து நான் "ஷெல் பீஸ், சன்னம் ஏதும் கிடக்கோ?" என்றுதான் கேட்பது.

ஸ்கானில் அம்மாவின் பித்தக்கல் தெரிந்துவிட்டதே, பிறகேன் இன்னொரு படம்? (புதுக்குடியிருப்பு)

பித்தப்பையிலுள்ள கல்லை அல்ட்ராசவுண்ட் ஸ்கான் நன்றாகக் காட்டும். பித்தக்குழாய்க்குள் இறங்கிய கல்லைக் குடல்வாயு மறைத்துவிடும். கண் மஞ்சளாகியிருந்தால், குழாய் வீங்கியிருந்தால், எம்ஆர்ஐயில் குழாய்களை மட்டும் துலக்கிக் காட்டும் படம் எடுப்பார்கள். பையை எடுத்துவிட்டுக் குழாயில் கல்லை விட்டால் நோ திரும்பி வரும்.

சிறுதுளை ஒப்பரேசனில் உள்ளே கமராவை விட்டு, ரீவியைப் பார்த்து வெட்டுகிறார்களாமே, பிழை வராதா? (நெடுங்கேணி)

பயம் நியாயம்தான். 1985இல் ஜேர்மனியில் எரிச் மூஹே என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் முதன்முதல் பித்தப்பையைச் சிறுதுளை வழியே எடுத்த நாள்முதல் உள்ள சிக்கல் இது: கையால் தடவிப் பார்க்க முடியாது. கமரா பெருப்பித்துக் காட்டும், ஆனால் மேற்பரப்பை மட்டும். கொழுப்புக்குள் மறைந்த பிரதான குழாயைப் பையின் குழாய் என்று நினைத்து வெட்டுவதே பெரிய ஆபத்து. சந்தேகம் வந்தால் குழாய்க்குள் சாயம் செலுத்தி, தியேட்டரிலேயே சீ-ஆர்ம் (C வடிவக் கையுள்ள, நகர்த்தக்கூடிய) எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். இன்னொன்று, இரத்த நாளம் வழியே ஏற்றும் இண்டோசயனின் கிறீன் என்ற சாயம். ஈரல் அதைப் பித்தத்தோடு வெளியேற்றும். அகச்சிவப்புக்கு அண்மித்த ஒளியை விசேட கமரா பாய்ச்சும்போது திரையில் குழாய் பச்சையாக ஒளிரும். எல்லாத் தியேட்டரிலும் அந்தக் கமரா இராது. அயடீன் சாயம் முன்பு ஒத்துக்கொள்ளாமல் விட்டிருந்தால் மறைக்காதீர்கள்.

முகாமில் இருந்தபோது வயிற்றைத் திறந்து ஒப்பரேசன் செய்தது. இப்போது சிறுதுளை முடியுமா? (மாங்குளம்)

பலருக்கு முடியும். தழும்புக்கு அடியில் குடல் ஒட்டியிருக்கக்கூடும். அதனால் முதல் துளையை வேறிடத்தில் போடுவார்கள். உள்ளே போய் நிலைமை சரியில்லையென்று திறந்தால் அதைத் தோல்வியென்று எடுக்காதீர்கள். தகரக் கூரைக்குக் கீழே ஷொப்பிங் பையில் சுருட்டி வைத்த பழைய படங்கள் வெக்கையில் ஒட்டிக் கிடந்தாலும், கிளினிக் கொப்பியோடு கொண்டுவாருங்கள்.

வயிற்றில் ஒப்பரேசன், தோள்மூட்டு ஏன் நோகிறது? (மல்லாவி)

வயிற்றை உப்பவைக்க அடித்த காபனீரொட்சைட்டு வாயு பிரிமென்தகட்டை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) உறுத்துவதால்; அந்த நோ தோளில் தெரியும். ஓரிரண்டு நாளில் அடங்கும். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுநோ, மஞ்சளான கண் என்றால் கிளினிக் நாள்வரை காத்திருக்கவேண்டாம்.