பீடி முதலாளியும் பெரியம்மாவும்

அன்புள்ள அக்கா,
அமெரிக்காவில் லாபி செய்பவர்கள், அதாவது கம்பெனிகளுக்காகச் சட்டம் போடுபவர்களை வளைக்கக் காசு வாங்கிப் பேசும் தரகர்கள், பதிவு செய்துகொண்டு, யாருக்காகப் பேசுகிறார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்று கணக்குக் காட்ட வேண்டும். இங்கும் அப்படி ஒரு சட்டம் வந்தால் எம்.பி.க்களை வளைப்பது குறையுமா? இல்லை, ஓட்டுப் போடுவதே வீண்தானா?
வாசகர், மதுரை

அன்புள்ள தம்பி,

ஓட்டு வீண் என்ற புலம்பலை விடுங்கள், டீக்கடையில் தினமும் கேட்டுச் சலித்துவிட்டது. அமெரிக்கச் சட்டம் 1995இல் வந்தது. அப்புறமும் வாஷிங்டனில் அந்தத் தொழில் கொழிக்கத்தான் செய்கிறது. சரி, இங்கும் வரட்டும்.

ஆனால் பதிவேட்டில் சிக்காத ஆளை என்ன செய்வீர்கள்? புகையிலைப் பாக்கெட்டில் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் 2015 ஏப்ரல் 1 முதல் வர வேண்டும் என்று மத்திய அரசு அறிவித்திருந்தது. அதை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவில் இருந்த அலகாபாத் எம்.பி. ஷியாமா சரண் குப்தா, பெரிய பீடி முதலாளி. ஓயாமல் புகைத்தும் நோயே வராதவர்களைக் காட்டுகிறேன் என்று வெளிப்படையாகவே பேசினார். குழுத் தலைவர் திலீப் காந்தியோ, புகையிலையால் புற்றுநோய் என்று சொல்ல இந்திய ஆய்வே இல்லை என்றார். விதி ஒத்திப்போய், மறு வருடம் ஏப்ரலில்தான் அமலானது. அதற்குச் சில நாள் முன்புகூட 50 சதவீதம் போதும் என்றது குழு. முதலாளியே உள்ளே உட்கார்ந்திருக்கும்போது தரகர் எதற்கு?

அவர்கள் முன்னால் நிறுத்திய வாதம் என்ன தெரியுமா? பீடித் தொழிலாளிகளின் பிழைப்பு. அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முக்கூடல் பக்கம் என் பெரியம்மா வாழ்நாள் முழுக்க மடியில் முறத்தை வைத்து பீடி சுற்றினாள். ஈர இலையைத் தகர அளவு வைத்து வெட்டி, தூள் போட்டு உருட்டி, நூல் கட்டி, சாயங்காலம் கடைக்குக் கொண்டுபோனால் கணக்கர் கட்டைப் பிரித்து ஒரு கை அள்ளிக் கழிவு என்று ஒதுக்குவார். அதற்குக் கூலி கிடையாது, பீடியும் திரும்பி வராது. கூலி உயர்வு கேட்டால் "கம்பெனி தாங்காது" என்பார்கள். அதே கடையில் ஒருநாள் ஒரு தாளை நீட்டியதும் கைநாட்டு வைத்துவிட்டு வந்தாள். என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். "படம் போட்டா வேலை போயிருமாம்ல" என்றாள், இருமலுக்கு நடுவே. பெட்டியில் பணம் கொடுப்பதெல்லாம் பழைய கதை தம்பி, இப்படி ஏழையின் விரல் ரேகையை இலவசமாக வாங்கி டெல்லிக்கு அனுப்புவதுதான் கைதேர்ந்த வேலை.

உங்கள் எம்.பி. எந்தக் குழுவில் இருக்கிறார், வேட்புமனுவில் தன் தொழில் என்று எதைக் காட்டியிருக்கிறார்? இரண்டும் இணையத்திலேயே கிடைக்கும். பார்த்துவிட்டு அடுத்த கடிதம் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா