வரப்புப் புல்லில் சில்வண்டுக் கூடு: கரும்புக்கு மருந்து போடலாமா?

கேள்வி: நெல்லிக்குப்பம் பக்கம் மூன்று ஏக்கர் கரும்பு, இப்போது இரண்டாம் கட்டை (வெட்டிய தூரிலிருந்தே மறுபடி துளிர்க்கும் பயிர்). கோடை மழைக்குப் பிறகு வரப்புப் புல்லில் விரல் நகம் அளவு பழுப்புக் கூடுகள் ஒட்டியிருக்கின்றன. பகலெல்லாம் ‘ஸ்ஸ்ஸ்’ என்று மெல்லிய இரைச்சல். வேர்ப்புழுவா? குருணை மருந்து போடலாமா?

பதில்: மருந்து வேண்டாம் ஐயா. நீங்கள் சொல்வது வேர்ப்புழு இல்லை, புல்வெளிச் சில்வண்டு உரித்துப் போட்ட தோல். கூடு ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். முதுகு நேராக வெடித்திருக்கும். மண் தோண்டும் முன்கால்கள் இரண்டும் நண்டுக் கொடுக்கு போலத் தடித்திருக்கும். வெடிப்புக்குள் வெள்ளை நூல் தொங்கினால் அது மூச்சுக்குழாயின் உறை. தோல் உரிக்கும்போது அதுவும் சேர்ந்தே கழன்று வரும். வேர்ப்புழு என்றால் வெள்ளையாகக் கொழுத்து, அரைவட்டமாகச் சுருண்டு மண்ணுக்குள்ளேயே கிடக்கும்.

இரைச்சல் போடுவது ஆண் மட்டும். வயிறு தொடங்கும் இடத்தில் இருபுறமும் வரிவரியான சவ்வு இருக்கிறது. அதைத் தசை இழுத்து விடுகிற வேகத்தில் சத்தம் பிறக்கிறது, காற்று நிரம்பிய வயிறு அதைப் பெருக்குகிறது. (ராத்திரியில் கத்துகிற சுவர்க்கோழி வேறு, அது சிறகைத் தேய்க்கும்.) பெண் புல் தண்டைக் கீறி முட்டை வைக்கும். பொரித்த குஞ்சு மண்ணில் இறங்கி வேரில் சாறு உறிஞ்சும். அந்தச் சாறு பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான், சத்து குறைவு. அதனால் வளர்ச்சி மெதுவாகத்தான் நடக்கும். இலையைக் கடித்துத் தின்ன இதற்கு வாயே கிடையாது.

ஆனால் உங்களுடையது கட்டைக் கரும்பு என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானின் ஒகினாவா தீவுகளில் ‘மொகானியா மினூட்டா’ என்ற சின்னஞ்சிறு சில்வண்டு புல்வெளியில் சாதுவாக வாழ்ந்து வந்தது. அங்கே கரும்பைக் கட்டை விடும் வழக்கம் பரவியபின் அதுவே கரும்புப் பூச்சியாகிவிட்டது. மண்ணை உழாமல் விட்டால் வேரடியில் குஞ்சு வளர்ந்து முடிக்க அவகாசம் கிடைத்துவிடுகிறது அல்லவா?

அதனால் கொல்லையின் நடுவில் நாலைந்து தூர்களின் அடியில் ஒரு அடி ஆழம் தோண்டிப் பாருங்கள். ஒன்றிரண்டு குஞ்சு தென்பட்டால் கவலையே வேண்டாம், எறும்பும் மைனாவும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். தூருக்குத் தூர் கொத்தாக இருந்து பயிரும் வெளுத்திருந்தால், சிலவற்றைக் கூட்டோடு டப்பாவில் போட்டுக் கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுங்கள். அப்படி இருந்தால் மூன்றாம் கட்டை விடாதீர்கள். வெட்டு முடிந்ததும் ஆழ உழுது, ஒரு போகம் உளுந்தோ எள்ளோ போட்டுவிட்டுப் புதுக்கரணை (நடுவதற்கு வெட்டிய கரும்புத் துண்டு) நடுங்கள்.

வரப்புப் புல்லுக்குத் தீ மட்டும் வைத்துவிடாதீர்கள். கரும்புக்குக் காவலான சிலந்தியும் அந்தப் புல்லில்தான் இருக்கிறது.