கயிறு கட்டி இழுப்பதற்கு முன்: வாசகர் கேள்வி – பதில்

சாலையில் பழுதாகி நிற்கும் வாகனங்களைப் பற்றி வந்த கடிதங்கள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: சென்னையிலிருந்து திருச்சிக்குக் குடும்பத்துடன் சென்றபோது, உளுந்தூர்பேட்டையைத் தாண்டியதும் எங்கள் கார் நின்றுவிட்டது. இரவு 11 மணி இருக்கும். குழந்தைகளையும் மாமியாரையும் உள்ளேயே உட்காரச் சொல்லிவிட்டு, கணவர் பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். வழியில் போன லாரி ஓட்டுநர் ஒருவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து, "முதலில் எல்லாரையும் இறக்கி அந்தப் பக்கம் கூட்டிப் போங்கள்" என்று கடுமையாகச் சொன்னார். அவர் சொன்னது சரிதானா? யாரை அழைத்திருக்க வேண்டும்?
– வாசகி, தாம்பரம்

பதில்: அவர் சொன்னது முற்றிலும் சரி. அந்த ஓட்டுநருக்கு நீங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறீர்கள். நான்குவழிச் சாலையில் இரவு நேரத்தில் நின்றுபோன காருக்குள் உட்கார்ந்திருப்பதைவிட ஆபத்தான இடம் அந்தச் சாலையில் வேறு இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடந்துவிடுகிறது. முன்னால் நிற்பது ஓடும் வண்டியா, நிற்கும் வண்டியா என்று பின்னால் வருபவர் புரிந்துகொள்ளவே ஓரிரு விநாடிகள் ஆகும்.

எஞ்சின் தடுமாறத் தொடங்கியதுமே, வண்டி உருளும் வேகம் இருக்கும்போதே, இடப்பக்க ஓரத்துக்கோ அருகிலுள்ள பெட்ரோல் பங்க் வாசலுக்கோ கொண்டுபோய்விடப் பார்க்க வேண்டும். அப்போது சாவியை எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். வளைவிலும் பாலத்தின் மேலும் நிறுத்துவதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். நின்றதும் நான்கு இண்டிகேட்டர்களும் ஒன்றாக மின்னும் ஹசார்டு விளக்கையும், இரவாக இருந்தால் பார்க்கிங் விளக்கையும் போட்டுவிட்டு, எல்லாரும் இடப்பக்கக் கதவுகள் வழியாக இறங்கி, சாலையோர இரும்புத் தடுப்புக்கு அப்பால் சென்றுவிட வேண்டும். அங்கும் காருக்கு முன்னால் நிற்கக் கூடாது. போக்குவரத்து எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையில், காருக்குப் பின்புறமாகச் சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். வேறொரு வண்டி வந்து மோதினால் உங்கள் கார் முன்னோக்கித்தான் தூக்கி எறியப்படும்.

புதிய காருடன் தரப்படும் சிவப்பு முக்கோண எச்சரிக்கைப் பலகை பெரும்பாலும் டிக்கியில் உறை பிரிக்கப்படாமலே கிடக்கிறது. அதை விரித்து, பிரதிபலிக்கும் பக்கம் எதிரே வரும் வண்டிகளைப் பார்க்கும்படி உடலுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, தார்ச்சாலைக்கு வெளியே நடந்து சென்று, காருக்கு 50 மீட்டருக்குக் குறையாத தொலைவில் வைக்க வேண்டும். நான்குவழிச் சாலையில் 100 மீட்டர் தள்ளி வைத்தாலும் தகும். முக்கோணம் இல்லாதவர்கள் கல்லையும் மரக்கிளையையும் சாலையில் அடுக்குவது நம் ஊர் வழக்கம். அவசரத்துக்கு அப்படிச் செய்பவர்களைக் குறை கூற முடியாது. ஆனால், வண்டி சரியானதும் கற்களை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்களே, அதை மன்னிக்கவே முடியாது. அடுத்து வரும் இருசக்கர வாகன ஓட்டிக்கு அந்தக் கல்லே எமனாகிவிடுகிறது.

தேசிய நெடுஞ்சாலையில் அழைக்க வேண்டிய எண் 1033. இது தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்தின் உதவி எண். 24 மணி நேரமும் இயங்குவது. சுங்கச்சாவடியைச் சார்ந்த ரோந்து வாகனத்தையும் கிரேனையும் அதன் வழியாக வரவழைக்கலாம். யாருக்காவது காயம் என்றால் 108. சாலையின் நடுவில் வண்டி சிக்கிக்கொண்டாலோ, ஆட்களால் அச்சம் ஏற்பட்டாலோ 112. எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்ல, மஞ்சள் தலை கொண்ட கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும், எந்த ஊரை நோக்கிச் செல்லும் பக்கம் என்பதையும் சொல்லுங்கள். "உளுந்தூர்பேட்டை தாண்டி" என்று மட்டும் சொன்னால், நடுவில் தடுப்பு உள்ள சாலையில் ரோந்து வண்டி எதிர்ப்பக்கம் போய்த் திரும்பி வர நேரமாகும். சுங்கச்சாவடிக் கிரேனின் முதல் வேலை, வண்டியைச் சாலையிலிருந்து அகற்றிப் பத்திரமான இடத்தில் விடுவது. அங்கிருந்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாட்டை நீங்கள்தான் செய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: என்னுடைய ஆட்டோமேட்டிக் கார் வழியில் நின்றால் நண்பரின் ஜீப்பில் கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்து வரலாம் என்று நினைத்திருந்தேன். சர்வீஸ் சென்டரில் கூடவே கூடாது என்கிறார்கள். நண்பரோ, "நியூட்ரலில் போட்டால் எந்த வண்டியும் உருளும்" என்கிறார். யார் சொல்வது உண்மை?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: உருளும் என்பது உண்மைதான், ஆனால், உருளும்போது கியர் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை உங்கள் நண்பர் கணக்கில் எடுக்கவில்லை. டார்க் கன்வெர்ட்டர், சி.வி.டி. வகை ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் பெட்டிக்கு எண்ணெய் தள்ளும் பம்பை எஞ்சின்தான் இயக்குகிறது. எஞ்சின் ஓடாத நிலையில் சக்கரங்கள் தரையில் சுழன்றால், உள்ளே உள்ள பாகங்களும் எண்ணெய் இல்லாமலே சுழன்று, சூடேறித் தேய்ந்துபோகின்றன. வெளியே சத்தம் எதுவும் கேட்காது. பின்னர் வண்டியை எடுத்து ஓட்டும்போதுதான் பழுது தெரியும். சில வண்டிகளின் கையேடு மெதுவான வேகத்தில் குறைந்த தூரம் மட்டும் இழுக்க அனுமதிக்கிறது. பல கையேடுகள் அதையும் தடுக்கின்றன. ஆகவே, உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே முடிவானது. முன்சக்கர இயக்க வண்டி என்றால் முன்சக்கரங்களைத் தூக்கி இழுக்கலாம். நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிகளை பிளாட்பெட் எனப்படும் தட்டு வண்டியில் ஏற்றுவதே சரி. மின்சாரக் கார்களுக்கும் அதுவே விதி. அவற்றில் சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சேர்ந்து சுழன்று மின்சாரம் உண்டாக்கத் தொடங்கும்.

மேனுவல் கியர் வண்டியைக் கயிறு கட்டி இழுக்கலாம். அதுவும் அருகிலுள்ள ஒர்க்‌ஷாப் அல்லது பெட்ரோல் பங்க் வரைக்கும்தான். சாலை விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. இழுபடும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்றவர் இருக்க வேண்டும். இரு வண்டிகளுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. கயிறு மற்றவர்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். பின்வண்டியின் பின்புறத்தில் இழுத்துச் செல்லப்படுகிறது என்பதைக் குறிக்கும் 'ஆன் டோ' எழுத்துகள் இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. கயிற்றின் நடுவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவது நல்லது. இரண்டு கார்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்துக் குறுக்கே நுழையும் இருசக்கர வாகனங்கள் நம் ஊரில் அதிகம்.

கயிற்றை எங்கே மாட்டுவது என்பதில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. பம்பரிலோ, சக்கரத்தைத் தாங்கும் கம்பிகளிலோ கட்டக் கூடாது. ஸ்டெப்னி இருக்கும் இடத்தில், ஜாக்கியோடு சேர்த்து, கையளவு நீளமுள்ள இரும்பு வளையம் ஒன்று வைக்கப்பட்டிருக்கும். பம்பரில் உள்ள சிறு மூடியை நெம்பி எடுத்தால் தெரியும் மரையில் அதைத் திருகி, வீல் ஸ்பேனரைக் கொடுத்து இறுக்க வேண்டும். சில ஐரோப்பிய நிறுவனங்களின் கார்களில் இந்த மரை எதிர்த்திசையில் இருக்கும். வலப்பக்கம் திருகிப் பார்த்துவிட்டு, ஏறவில்லை என்று முரட்டுத்தனம் காட்டாமல், இடப்பக்கமும் திருகிப் பாருங்கள். இரும்புக் கம்பி வடத்தைவிட டோயிங்குக்கென்றே விற்கப்படும் நைலான் பட்டை மேலானது. எதுவாக இருந்தாலும் இழுபட்டு நிற்கும்போது அறுந்தால் சாட்டைபோல் வீசும். அந்த வீச்சில் சிக்கி எலும்பு முறிந்தவர்களும் உயிரிழந்தவர்களும் உண்டு. கயிறு விறைப்பாக இருக்கும்போது யாரும் அதன் அருகில் நிற்கவோ அதைத் தாண்டவோ கூடாது.

பின்வண்டியை ஓட்டுபவருக்குப் பொறுப்பு அதிகம். எஞ்சின் ஓடாததால் பவர் ஸ்டியரிங் வேலை செய்யாது. பிரேக்குக்குத் துணை செய்யும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று முறை மிதித்ததும் தீர்ந்துபோக, பெடல் கல்லாக இறுகிவிடும். பிரேக் பிடிக்காது என்று அர்த்தமில்லை. முழு பலத்தையும் காலில் கொடுத்து மிதித்தால்தான் பிடிக்கும். இதை அறியாமல் முதன்முறை மிதிப்பவர்கள் பதறிப்போகிறார்கள். புறப்படும் முன்பே, நின்ற இடத்தில், அவர் அந்தப் பெடலை மிதித்துப் பழகிக்கொள்ளட்டும். முன்வண்டி முதல் கியரில், கிளட்சை மெல்ல விட்டுக் கயிறு விறைக்கும்வரை ஊர்ந்து, பிறகே இழுக்க வேண்டும். கயிறு தளராமல் இருக்கும்படி பின்வண்டிக்காரர் அவ்வப்போது லேசாகப் பிரேக் கொடுக்க வேண்டும். ஹசார்டு விளக்கு எரியும்போது திரும்பும் திசையை இண்டிகேட்டரில் காட்ட முடியாது என்பதால், கைச்சைகைகளை முன்பே பேசி வைத்துக்கொள்வது அவசியம்.

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலோ கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ கயிறு கட்டி இறக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இறக்கத்தில் பின்வண்டி முன்வண்டியின் மேல் வந்து ஏறும்; கயிற்றால் இழுக்க முடியுமே தவிர, தடுத்து நிறுத்த முடியாது. மலைப்பாதையில் காத்திருந்து, வண்டியைத் தட்டு வண்டியில்தான் ஏற்ற வேண்டும்.

கேள்வி: பைக்கில் பெட்ரோல் தீர்ந்துவிட்டால், பின்னால் வரும் நண்பன் தன் பைக்கில் இருந்தபடியே சைலன்சரிலோ ஃபுட்ரெஸ்ட்டிலோ கால் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறான். இது அவ்வளவு தவறா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: தவறுதான் தம்பி. தள்ளுபவர் ஒரு காலை வெளியே நீட்டியபடி, பக்கவாட்டில் அழுத்தம் கொடுத்துக்கொண்டே தன் வண்டியை நேராக வைத்திருக்க முயல்கிறார். அந்தக் கால் வழுக்கிய கணமே அவர் உங்கள் பின்சக்கரத்தின் பக்கம் சாய்கிறார். இரண்டு ஹேண்டில்பார்களும் ஒரு முழ இடைவெளியில் போகின்றன. முன்னால் ஒரு பள்ளமோ நாயோ வந்தால் இருவரும் சேர்ந்தே விழ வேண்டும். பின்னால் பேருந்து வந்தால் என்ன ஆகும் என்று எழுதவே மனம் வரவில்லை. உங்கள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, நண்பரை பங்குக்கு அனுப்பிப் பெட்ரோல் வாங்கி வரச் செய்யுங்கள். எஞ்சின் பழுது என்றால் குட்டியானை ஒன்றை அழைத்து ஏற்றிவிடலாம். ஏற்றும்போது சைடு ஸ்டாண்டில் சாய்த்து விடாமல், முன்சக்கரம் வண்டியின் முன்தட்டில் முட்டும்படி நேராக நிறுத்தி, முதல் கியரில் போட்டு, இருபக்கமும் கயிறு கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: வேளச்சேரியில் இருக்கிறோம். மழை வெள்ளத்தில் கார் மூழ்கினால், தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா? காப்பீடு கிடைக்குமா?
– வாசகர், சென்னை 42

பதில்: ஸ்டார்ட் செய்யவே கூடாது, சாவியை 'ஆன்' நிலைக்குக்கூடத் திருப்பக் கூடாது. காற்று உறிஞ்சும் குழாய் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளச் சேதம் வழக்கமான முழுமைக் காப்பீட்டில் அடங்கும். ஆனால், நனைந்த எஞ்சினை இயக்கியதால் வந்த சேதத்தை 'பின்விளைவு' என்று சொல்லி நிறுவனங்கள் மறுப்பது வழக்கம். எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவை எடுத்திருந்தால் நிலைமை வேறு. தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, தட்டு வண்டியில் ஏற்றுங்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் உங்கள் பகுதி மக்கள் மேம்பாலத்தின் மேல் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 2015-ஐயும் 2023-ஐயும் பார்த்தவர்களின் அந்த அச்சம் நியாயமானதே.

கேள்வி: ரெக்கவரி வண்டிக்காரர்கள் வாய்க்கு வந்த தொகையைக் கேட்கிறார்கள். இதற்கும் காப்பீடு உண்டா?
– வாசகி, சேலம்

பதில்: இரண்டு வழிகள் உண்டு. வழக்கமான தனியார் கார் முழுமைக் காப்பீட்டில், விபத்துக்குப் பின் அருகிலுள்ள பழுதுபார்ப்பவரிடம் வண்டியைக் கொண்டுசெல்லும் நியாயமான செலவு ஒரு விபத்துக்கு 1,500 ரூபாய் வரை அடங்கும். எஞ்சின் தானாகப் பழுதாகி நின்றால் இது பொருந்தாது. அதற்குத்தான் சாலையோர உதவி என்ற கூடுதல் பிரிவு. சிறிய பிரீமியத்தில் கிடைக்கும் இதை எடுக்கும்போது, எத்தனை கிலோமீட்டர் வரை இலவசமாக இழுத்துச் செல்வார்கள், ஆண்டுக்கு எத்தனை முறை, தட்டு வண்டி உண்டா என்ற மூன்றையும் கேட்டு எழுத்தில் பெறுங்கள். காப்பீட்டு ஒப்பந்தத்தில் பலர் படிக்காத இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது: விபத்திலோ பழுதிலோ நின்ற வண்டியைத் தக்க முன்னெச்சரிக்கை இல்லாமல் ஆளின்றி விட்டுச் செல்லக் கூடாது, பழுது பார்க்காமல் ஓட்டிச் சேதம் பெருகினால் அது உரிமையாளரின் பொறுப்பு.

வெளி ஆளை அழைப்பதாக இருந்தால், கொக்கி மாட்டும் முன்பே மொத்தத் தொகை, எந்த ஒர்க்‌ஷாப், சுங்கக் கட்டணம் யாருடையது என்பவற்றைப் பேசி முடித்து, அதை அப்போதே வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பிவிடுங்கள். வண்டியை நான்கு பக்கமும் படம் எடுத்து, கிலோமீட்டர் மீட்டரையும் எடுத்து, உள்ளே இருக்கும் ஆவணங்களையும் விலையுயர்ந்த பொருள்களையும் எடுத்துக்கொண்ட பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: பழுதான காரைச் சாலையோரம் விட்டுவிட்டு மெக்கானிக்கை அழைத்து வரப் போனேன். திரும்பி வருவதற்குள் போலீசார் அகற்றிவிட்டார்கள். அதற்கு அதிகாரம் உண்டா?
– வாசகர், மதுரை

பதில்: உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 127-இன்படி, 10 மணி நேரத்துக்கு மேல் கவனிப்பாரின்றி நிற்கும் வண்டியையோ, நிறுத்தத் தடையுள்ள இடத்தில் நிற்பதையோ, சீருடையில் உள்ள காவல் அதிகாரி அகற்ற உத்தரவிடலாம். நிற்கும் விதத்தால் போக்குவரத்துக்கு இடையூறு என்றால் உடனேயே அகற்றச் செய்யலாம். இழுத்துச் சென்ற செலவு உரிமையாளரையே சேரும். அடுத்த முறை வண்டியை விட்டுப் போக நேர்ந்தால் 112-க்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ தகவல் சொல்லுங்கள். உங்கள் கைபேசி எண்ணையும் பழுது என்பதையும் பெரிய எழுத்தில் எழுதி முன்கண்ணாடியின் உட்புறம் வைத்துவிட்டுச் செல்லுங்கள்.