தினமும் 1.5 ஜிபி டேட்டாதான். பாட வீடியோக்களை 144பியில் வைத்துப் பார்த்தால் போதாதா?

போதாது. கேட்டவர் மாணவர் என்றே நினைக்கிறேன். ஹாஸ்டலிலோ, ஒரே போனை நாலு பேர் பங்கு போடும் வீட்டிலோ இருப்பீர்கள். அப்படி ஒரு வீட்டில் 144பி வைக்கச் சொன்னவன் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

மும்பையில், தாராவி 90 ஃபீட் ரோட்டுப் பக்கம் எங்கள் கோலி, அதாவது ஒற்றை அறை வீடு. டேட்டா உள்ள போன் என்னுடையது ஒன்றுதான். 2022இல் தங்கச்சி பதினொன்றாம் வகுப்பு சயின்ஸ். டியூஷனுக்குக் கட்டப் பணம் இல்லை. யூடியூபில் ஒரு சார் இலவசமாக நடத்தும் கணக்குப் பாடத்தைத்தான் நம்பியிருந்தாள். காரகானாவில் லெதர் பை வேலை முடித்து ஏழு மணிக்கு நான் வந்ததும் போன் அவள் கைக்குப் போகும். "144 வெச்சே பாரு, மாத்தாத, எனக்கும் டேட்டா வேணும்" என்று சொல்லித்தான் கொடுப்பேன். பத்து மணிக்கு மேல் மிச்ச டேட்டாவில் நான் கிரிக்கெட் ஹைலைட்ஸ் பார்ப்பேன். அது மட்டும் 720பியில்.

யூனிட் டெஸ்டில் 25க்கு 6 வாங்கி வந்தாள். திட்டுவதற்காகத்தான் நோட்டை எடுத்தேன். டிஃபரன்ஷியேஷன் முதல் பாடம். இடது பக்கம் எக்ஸ், அதன் தலையில் 2. வலது பக்கம் விடை: 3 எக்ஸ், தலையில் 2. அந்த விடையைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் "எப்படி?" என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருந்தாள். நானும் பன்னிரண்டாவது வரை கணக்கு படித்தவன். எக்ஸ் கியூபுக்குத்தான், அதாவது எக்ஸின் தலையில் 3 இருந்தால்தான், அந்த விடை வரும். வீடியோவை 720பியில் ஓட்டிப் பார்த்தேன். சார் 3 என்றுதான் தெளிவாக எழுதியிருக்கிறார். 144பியில் அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளிதான் இருக்கிறது.

"சார் வாயால சொல்லலையா?" என்று கேட்டேன்.

"இதை எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டு எழுதிட்டாருண்ணே. எனக்குத்தான் மண்டையில ஏறலைன்னு நெனச்சேன்" என்றாள்.

ரெண்டு மாதமாக அப்படி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம்தான் இந்த எண்ணெல்லாம் என்ன என்று தேடிப் படித்தேன். 144பி என்றால் மேலிருந்து கீழ்வரை மொத்தமே 144 புள்ளி வரிசை. சார் போர்டில் 12 வரி எழுதினால், ஒரு வரிக்குக் கிடைப்பது 12 வரிசை. தலையில் எழுதும் சின்ன எண்ணுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 4. நாலு வரிசையில் 2க்கும் 3க்கும் எப்படி வித்தியாசம் தெரியும்? 720பியில் அதே எண்ணுக்கு 20 வரிசை கிடைக்கும்.

டேட்டா பயம் எனக்கும் இருந்தது. 8 மெகாபிட் சேர்ந்தால்தான் 1 எம்பி. நொடிக்கு 1 மெகாபிட் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி, 2 மெகாபிட் என்றால் 900. ஆனால் எல்லா 720பியும் ஒரே அளவு தின்னாது. வீடியோவைச் சுருக்கும்போது முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதிக்குத்தான் அதிக டேட்டா செலவாகும். போர்டு அசையாது, சாரின் கை மட்டும்தான் அசையும். கிரிக்கெட்டில் மைதானமே நகரும். அதனால் அவளுடைய 40 நிமிடப் பாடம் 720பியில் ஒரு நாள் டேட்டாவைத் தீர்த்ததே இல்லை. தீர்த்தது என் ஹைலைட்ஸ்தான். அதை 360பிக்கு இறக்கினேன். போன் திரையில் பந்து போவது தெரிகிறது, அது போதும்.

480பியே தாராளம் என்று சிலர் வருவீர்கள். சினிமாவுக்கும் சீரியலுக்கும் சரிதான். 2020 மார்ச் ஊரடங்கில் மொபைல் நெட்வொர்க்கில் 480பிக்கு மேல் தராமல் வீடியோ தளங்கள் குறைத்துக்கொண்டபோதும் ஜனங்கள் படம் பார்க்கத்தான் செய்தார்கள். பேச்சு மட்டும் கேட்பதென்றால் 144பிகூடப் போதும், அதை நான் மறுக்கவில்லை. நான் சொல்வது போர்டு, கோடிங், எக்செல், வரைபடம் இதையெல்லாம் பற்றி மட்டும். 1080பி பெரிய டிவிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். 1.5 ஜிபி என்று எண்ணி எண்ணிப் பார்க்கும் நம்மிடம் மாதம் என்று சொல்லி 28 நாள்தான் தருகிறார்கள். 365ஐ 28ஆல் வகுத்துப் பாருங்கள், வருஷத்துக்கு 13 ரீசார்ஜ். 30 நாள் பிளான் ஒன்றாவது வைக்க வேண்டும் என்று போன் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிராய் 2022இல் உத்தரவே போட்டது. எங்கள் தெருக் கடையில் ஒருநாளும் அதை முதலில் காட்டியதில்லை, நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள். சம்பளம் மட்டும் 30 நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 'ஆட்டோ'வில் விடாதீர்கள். அது நெட் வேகத்தைப் பார்த்துத்தான் ஏற்றி இறக்கும், உங்கள் டேட்டா பேக்கில் எவ்வளவு மிச்சம் என்று அதற்குத் தெரியாது. யூடியூப் செட்டிங்கில் மொபைல் டேட்டாவுக்கு 'டேட்டா சேவர்' போட்டு வையுங்கள். பாடம் ஓடத் தொடங்கியதும் பல்சக்கரத்தைத் தொட்டு, 'குவாலிட்டி', அதில் 'அட்வான்ஸ்டு' போய் 720 வையுங்கள். அது அந்த ஒரு வீடியோவுக்கு மட்டும்தான் நிற்கும். அடுத்த பாடத்துக்கு மறக்காமல் மறுபடி வைக்க வேண்டும்.