இன்கா பேரரசை வீழ்த்தியது 168 பேர்தானா?

கேள்வி: எழுத்தும் நாணயமும் இல்லாத இன்காக்கள், தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில், அவ்வளவு பெரிய பேரரசை எப்படிக் கட்டினார்கள்? பிறகு வெறும் 168 ஸ்பானியர்களிடம் எப்படித் தோற்றார்கள்?

இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. இன்காக்கள் வரியாகப் பணத்தையோ பொருளையோ கேட்கவில்லை, உழைப்பைக் கேட்டார்கள். இந்த முறைக்கு மீத்தா என்று பெயர். ஒவ்வொரு குடும்பமும் முறை வைத்து அரசின் நிலத்தில் உழ வேண்டும், சாலை போட வேண்டும், படைக்கு ஆள் அனுப்ப வேண்டும். வேலைக்கு வந்தவர்களுக்குச் சோறும் சிச்சா என்ற மக்காச்சோளக் கள்ளும் அரசின் பொறுப்பு. குடும்பங்களைப் பத்து, நூறு, ஆயிரம் என்று பிரித்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தலைவனை வைத்தார்கள். கணக்கெல்லாம் கீப்பு என்ற முடிச்சுக் கயிறுகளில்.

அப்படி விளைந்தது களஞ்சியங்களுக்குப் போனது. பெருவில் உள்ள வானுகோ பம்பாவில் மட்டும் குன்றுச் சரிவில் வரிசை வரிசையாக ஏறக்குறைய 500 களஞ்சியங்கள் இருந்தன. பொதுவாக வட்டமானவற்றில் மக்காச்சோளம், நீள்சதுரமானவற்றில் கிழங்கு. குளிர்ந்த காற்று படும் உயரத்தில் கட்டியதால் தானியம் சீக்கிரம் கெடாது. போகிற வழியெல்லாம் படைக்குச் சாப்பாடு தயார். 1438 வாக்கில் பச்சாகுத்தி ஆட்சிக்கு வந்தபின் நூறே ஆண்டுகளுக்குள் கொலம்பியாவின் தென்முனையிலிருந்து சிலி நடுப்பகுதிவரை பரவ முடிந்தது என்றால், வாளைவிட இந்தக் களஞ்சியங்கள்தான் பெரிய காரணம் என்பேன்.

ஆனால் இதே ஒழுங்கு ஊர்களைக் குலைத்தது. அடங்காத மக்களை வேரோடு பிடுங்கி வேறு இடத்தில் குடியேற்றினார்கள். இன்றைய எக்வடோரின் காஞாரிகள் பலரைத் தொலைவில் இருக்கும் தலைநகர் குஸ்கோ பக்கம் கொண்டுபோனார்கள். பேரரசர் வைனா கப்பாக், இன்றைய பொலிவியாவின் கோச்சபம்பா பள்ளத்தாக்கில் இருந்தவர்களை அப்புறப்படுத்திவிட்டு, படைக்கு மக்காச்சோளம் விளைவிக்கச் சுமார் 14,000 பேரை இறக்கினார். வென்ற நாட்டுத் தெய்வச் சிலைகளும் தலைவர்களின் பிள்ளைகளும் குஸ்கோவில் பிணையாக இருந்தார்கள். இதையெல்லாம் பட்டவர்கள் மறப்பார்களா?

அதனால்தான் 168 என்ற எண்ணிக்கையை மட்டும் சொல்வது எனக்கு உறுத்துகிறது. 1532 நவம்பர் 16 அன்று பெருவின் கஹமார்க்கா நகரில் இன்காப் பேரரசர் அதவால்பாவைப் பிடித்தது அவர்கள்தான், சரி. ஆனால் அதற்குச் சற்று முன்புதான் அரியணைக்காக அதவால்பாவும் அவர் சகோதரரும் மோதிக்கொண்ட போர் நாட்டைக் கிழித்திருந்தது. அதற்கும் முன்பே கொள்ளைநோய் பரவியிருந்தது. குஸ்கோவைப் பிடிக்கவும், பிறகு அதைக் காப்பாற்றிக்கொள்ளவும் காஞாரிகளும், இன்காக்களுக்கு அடங்கியிருந்த வாங்காக்கள் என்ற மக்களும் ஆயிரக்கணக்கில் ஸ்பானியர் பக்கம் நின்று போரிட்டார்கள். ஹவ்ஹா பள்ளத்தாக்கின் வாங்காக்கள் இன்காக் களஞ்சியங்களையே அவர்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

இதற்குச் சான்று அவர்களே வைத்திருந்த கயிறுகள். 1561இல் வாங்காத் தலைவர்கள் லிமா நீதிமன்றத்துக்குக் கீப்புகளைக் கொண்டுபோய், 1533 முதல் ஸ்பானியருக்குக் கொடுத்த ஆள், லாமா என்ற சுமை விலங்கு, மக்காச்சோளம், துணி எல்லாவற்றையும் முடிச்சு முடிச்சாகப் படித்துச் சொன்னார்கள். ஸ்பானியர் கொள்ளையடித்ததும் அந்தக் கணக்கில் இருந்தது. தாங்கள் தோற்ற குடிகளாக அல்ல, கூட்டாளிகளாகவே போரிட்டோம் என்பது அவர்களுடைய வாதம்.

ஸ்பானியர்கள் மீத்தாவை ஒழிக்கவில்லை. 1570களில் வைஸ்ராய் தொலேதோ அதே பெயரில் மலைவாழ் மக்களைப் இன்றைய பொலிவியாவில் உள்ள பொதோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு அனுப்பினார். சோறும் கள்ளும் போட்டு வேலை வாங்கும் பழைய கடமையைக் கைவிட்டு, உழைப்பை மட்டும் கறந்தார்கள். சட்டப்படி அது ஒழிந்தது 1812இல்தான்.