பர்ன்அவுட் போட்ட பிக்கப், கருகிய க்ளட்ச்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிக்கப் வண்டி பற்றியவை. அதனால் மற்றவற்றை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது மேனுவல் கியர் டீசல் பிக்கப். ரீல்ஸுக்காக ஒரு பர்ன்அவுட் போடச் சொல்லி நண்பர்கள் கேட்கிறார்கள். ஒரே ஒரு தடவை போட்டால் வண்டிக்கு என்ன ஆகிவிடப் போகிறது? (நாமக்கல்)

தம்பி, என்ன ஆகும் என்று வரிசையாகச் சொல்கிறேன். பர்ன்அவுட் என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, பின்சக்கரம் மட்டும் புகை கக்கிச் சுற்றுவது. அதற்கு முன்சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்த வேண்டும், பின்சக்கரம் சுற்ற வேண்டும். உங்கள் ஹேண்ட் பிரேக் பிடிப்பதோ பின்சக்கரத்தை, ஆகவே அது உதவாது. கால் பிரேக்கை மிதித்தால் நான்கு சக்கரமும் பிடிக்கும். இதோடு ஆக்சிலரேட்டரை ஏற்றி க்ளட்சைச் சட்டென்று விட வேண்டும். பெடல் மூன்று, கால் இரண்டு. அந்தத் தடுமாற்றத்தில் க்ளட்சை முழுதாக விடாமல் பாதியிலேயே வைத்திருப்பீர்கள். டயர் சுற்றுவதற்குப் பதில் க்ளட்ச் பிளேட் வழுக்கிக் கருகும். மூக்கில் ஏறும் அந்த நாற்றம் டயருடையது என்று நண்பர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

சரியாகவே விட்டாலும் வண்டி தப்பாது. பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங். வெறும் வண்டியில் திடீரென்று இவ்வளவு இழுவிசை வந்தால் ஹவுசிங் (பின் அச்சின் கூடு) முறுக்கிக்கொண்டு சக்கரம் தரையில் குதிக்கும். ஒவ்வொரு குதிப்புக்கும், எஞ்சின் விசையைப் பின்னால் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் என்ற இணைப்பு அடி வாங்கும். இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் சாதாரணமானது என்றால் ஒரு சக்கரம் மட்டும்தான் சுற்றும். உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள் அந்த வேகத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

டிராக் பந்தயத்தில் டயரைச் சூடாக்கிப் பிடிப்பு ஏற்றவே பர்ன்அவுட் போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 1988 முதல் நடக்கும் சம்மர்நாட்ஸ் விழாவில் அதற்கென்றே தனிப் போட்டி உண்டு. அங்கே அடைத்த திடல் இருக்கிறது, அதற்காகவே கட்டிய வண்டிகளைக் கொண்டுவருகிறார்கள். நீங்கள் சொல்வது ஊர்ச் சாலை. நம் மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆவது பிரிவில் ஆபத்தாக ஓட்டியதற்கு முதல் தடவையே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சாட்சி நீங்களே எடுத்துப் போடும் வீடியோ. வேண்டாம் தம்பி.

பழைய வண்டி பார்க்கிறேன். நான்கும் புது டயர் என்கிறார் புரோக்கர். பளபளவென்றுதான் இருக்கிறது. நம்பலாமா? (ஆத்தூர்)

பளபளப்பு பாலிஷில் வருவது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் (டயரின் மேல்பள்ளம்) ஆழமாகத் தெரிந்தால் கத்தி வைத்துப் புதிதாக வெட்டியதா என்றும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

என் கணவர் கடன் வாங்கி, காய்கறி ஏற்றி இறக்க ஒரு பழைய பிக்கப் வாங்கினார். பன்னிரண்டாம் நாள் க்ளட்ச் போய்விட்டது. பிறகுதான் தெரிந்தது, முந்தைய ஓனர் அதே வண்டியில் பர்ன்அவுட் போட்ட வீடியோக்களைத் தன் சமூக வலைதளப் பக்கத்தில் போட்டிருக்கிறார். விற்றவர், "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்கிறார். (பாலக்கோடு)

சகோதரி, உங்கள் கணவர் ஏமாந்ததில் அவர் தவறு எதுவும் இல்லை. இதே விதமாக நானும் ஏமாந்தவன். மைத்துனரின் உரக் கடைக்காக ஒரு பழைய பிக்கப் வாங்கிக் கொடுத்தேன். பின் டயர் இரண்டும் புதுசு, முன் டயர் இரண்டும் தேய்ந்தவை. செலவு மிச்சம் என்று சந்தோஷப்பட்டேனே தவிர, பின்னால் மட்டும் ஏன் மாற்றினார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. மூன்றாம் வாரம் பண்ணாரியிலிருந்து திம்பம் மலைப்பாதையில் மூட்டை ஏற்றிப் போனபோது, 27 கொண்டை ஊசி வளைவுகளில் எட்டாவதில் வண்டி நின்றுவிட்டது. எஞ்சின் அலறுகிறது, சக்கரம் நகரவில்லை.

கீழே இழுத்து வந்து சத்தியமங்கலத்தில் பிரித்தார்கள். மெக்கானிக் பிளேட்டை ஓர் அட்டை மேல் வைத்து என்னிடம் காட்டினார். பிளேட்டின் மேலுறையான லைனிங் கரியாகி, ஒரு பக்கம் வெடித்து, ரிவிட் தலைகள் தேய்ந்து மின்னின. பிளேட் அழுந்தும் எஞ்சின் சக்கரமான ஃப்ளைவீல் முகத்தில் மயில்கழுத்து நிறத்தில் திட்டுத் திட்டாகச் சூட்டுத் தழும்பு. அப்புறம் பின் மட்கார்டுக்குள் கையை விட்டு எதையோ சுரண்டி என் உள்ளங்கையில் கொட்டினார். புழு மாதிரி உருண்ட ரப்பர் துகள்கள். "லோடு ஏத்துனதால போன க்ளட்ச் இல்லைங்க இது. யாரோ நின்ன இடத்துலயே டயரைச் சுத்த விட்டிருக்காங்க" என்றார். விற்றவர் அதன்பின் என் போனை எடுக்கவே இல்லை. அந்த வண்டி ஓடாமல் நின்ற நாட்களில் மைத்துனர் வாடகை வண்டிக்குக் கொடுத்த பணம் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

நீங்கள் விட்டுவிட வேண்டாம். முதல் வேலை, அந்த வீடியோக்களைத் தேதியும் வண்டி எண்ணும் தெரியும்படி சேமித்துக்கொள்ளுங்கள், நாளைக்கு அழித்துவிடுவார்கள். மெக்கானிக்கிடம் பழுதின் காரணத்தை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பழைய பிளேட்டைத் தூக்கிப் போட விடாதீர்கள்.

அடுத்து, பணத்தை வாங்கியது யார்? பழைய வண்டி வியாபாரி என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தன் சொந்த வண்டியை விற்ற தனி ஆள் என்றால் சிவில் நீதிமன்றம்தான் வழி. வியாபாரி தரப்பில், "சரக்கு வண்டி வணிகத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று வாதிடுவார்கள். பயந்துவிடாதீர்கள். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கிய பொருளுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. உங்கள் கணவரே ஓட்டுகிறார் என்பதையும் குடும்பத்துக்கு இதுதான் வருமானம் என்பதையும் மனுவில் தெளிவாக எழுதுங்கள். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. உங்கள் மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள். என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

வாட்ஸ்அப்பில் போட்டோ நன்றாக இருந்ததால் ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன். இப்போது பார்த்தால் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் இருக்கிறதாம். என்ன செய்வது? (திருப்பூர்)

வண்டியை நேரில் பார்க்கவில்லை, ஓட்டவில்லை, ஆர்.சி.யின் நகலைக்கூடக் கேட்கவில்லை. வண்டி எண்ணை அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் தட்டினால் கடன் இருப்பது ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். இந்தப் பகுதியில் இதை நான் எத்தனை முறை எழுதிவிட்டேன்! இனி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்குவதற்கான, கையெழுத்திட்ட படிவம் 35-ம் வந்த பிறகே மீதிப் பேச்சு. வராது என்றால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள்.

புது பிக்கப், ஒன்பது மாதம், 14,000 கிலோமீட்டர். க்ளட்ச் வழுக்குகிறது என்று கம்பெனி சர்வீஸில் விட்டேன். "டிரைவர் ஹாஃப் க்ளட்சில் (பெடலைப் பாதி மிதித்தபடி) ஓட்டியிருக்கிறார், வாரண்டி இல்லை" என்று பில் போட்டார்கள். பழைய பிளேட்டைக் கேட்டால் ஸ்க்ராப்பில் போட்டாயிற்றாம். (ஒட்டன்சத்திரம்)

இந்த ஒரு விஷயத்தில் என்னால் சுருக்கமாக எழுத முடியாது. காசு கொடுத்து மாற்றிய பாகம் உங்களுடையது. அதை உங்கள் கண்ணில் காட்டாமல் தூக்கிப் போட அவர்களுக்கு என்ன அவசரம்?

க்ளட்ச் தேயும் பாகம், பொதுவாகத் தேய்மானத்துக்கு வாரண்டி கிடையாது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லா க்ளட்சும் தேய்ந்தே போவதில்லை. கிராங்க் பின்பக்க ஆயில் சீலோ கியர்பாக்ஸ் சீலோ கசிந்தால் ஆயில் லைனிங்கில் இறங்கி க்ளட்ச் வழுக்கும். அப்போது பிளேட் ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். டிரைவர் எப்படி ஓட்டினாலும் சீல் கசியாது. ஒன்பது மாதத்தில் கசிந்தால் அது தயாரிப்புக் குறை. க்ளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல் ஒன்று ஒடிந்திருந்தால் அதுவும் பாகத்தின் குறை. பெடலில் சும்மா ஆடும் இடைவெளியே இல்லாமல் அட்ஜஸ்ட் செய்திருந்தால், க்ளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருக்கும், அது சர்வீஸ் செய்தவர் குறை. லைனிங் முழுவதும் காய்ந்து கருகி, ஃப்ளைவீல் நீலம் பாய்ந்திருந்தால் மட்டுமே ஓட்டியவரையோ அதிக லோடையோ சந்தேகிக்கலாம்.

இந்த நான்கில் எது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தப் பிளேட். அதை அழித்துவிட்டு டிரைவர் மேல் பழி போடுவது அநியாயம். நாள் முழுக்க ஓட்டிப் பிழைக்கிற மனிதனின் கைத்தொழிலையே குறை சொல்கிறார்கள், ஆதாரம் காட்டாமல். வாரண்டியை எந்த விதியின் கீழ் மறுத்தார்கள், அதற்கான படம், அளவு எங்கே என்று தயாரிப்பு நிறுவனத்துக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். சர்வீஸில் செய்த வேலைகளை எழுதும் ஜாப் கார்டின் நகலையும் கேளுங்கள். அதில் ஆயில் சீல் மாற்றியதாக ஒரு வரி இருந்தால் உங்கள் வழக்கு பாதி முடிந்தது.

மற்ற வாசகர்களுக்கும் சொல்கிறேன். வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் "பழைய பாகங்களைத் திருப்பித் தரவும்" என்று உங்கள் கையால் எழுதுங்கள்.

மெக்கானிக் இல்லாமல் நானே க்ளட்சைச் சோதிக்க வழி உண்டா? (மேட்டூர்)

உண்டு. சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, நான்காவது கியர் போட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து க்ளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் உடனே அணைந்தால் க்ளட்ச் பிடிக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஒரே முறை செய்யுங்கள், வண்டிக்கு முன்னால் யாரும் நிற்க வேண்டாம். பெடல் மேலே வந்த பிறகே வண்டி நகர ஆரம்பித்தாலும் பிளேட் தேய்ந்திருக்கலாம். பின் மட்கார்டுக்குள் கையை விட்டுப் பார்க்கவும் மறக்காதீர்கள்.

மகன் பர்ன்அவுட் போடப்போய் வண்டி சறுக்கிப் பக்கத்து வீட்டுச் சுவரை இடித்துவிட்டது. இன்ஷூரன்ஸில் டயரும் க்ளட்சும் கிடைக்குமா? (கரூர்)

க்ளட்ச் கிடைக்காது. டயர், அந்த விபத்தில் வண்டியும் சேதப்பட்டிருந்தால் மட்டும், அதுவும் பாதி. சுவருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டில் கேட்கலாம். படிவத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். நாய் குறுக்கே வந்தது என்று எழுதிவிட்டு, அப்புறம் மகனின் வீடியோ வெளியே வந்தால் எல்லாமே போய்விடும். பக்கத்து வீட்டுக்காரரை இன்றே போய்ப் பாருங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு.

ஆன்லைனில் ரேஸிங் க்ளட்ச் கிட் விற்கிறார்கள். போட்டால் எவ்வளவு பர்ன்அவுட் போட்டாலும் கருகாதாமே? (ஓசூர்)

க்ளட்ச் தாங்கும். தாங்காதது அடுத்து இருக்கும் கியர்பாக்ஸ், கிராஸ், பின் அச்சிலுள்ள கிரவுன் பினியன் பல்சக்கரங்கள். பெடலும் கல் மாதிரி இருக்கும், டவுன் டிராஃபிக்கில் முழங்கால் போய்விடும். வாங்காதீர்கள்.